குறியும் கருவியும் – 11: ஒரே பிடி, பல பேரல்கள்

ஒற்றைத் தோட்டா பிஸ்டலில் மேகசின் கிடையாது; ரிவால்வரில் இருப்பது போன்ற சுழலும் உருளையும் கிடையாது. ஒரு தோட்டாவைக் கையால் பேரலின் பின்முனையிலுள்ள சேம்பரில் வைத்து மூடிச் சுட வேண்டும். பிறகு திறந்து, காலிக்கூட்டை எடுத்துவிட்டு அடுத்ததை வைக்க வேண்டும். வேகம் இதில் எதிர்பார்க்கக் கூடாதது. அசையும் பாகங்கள் குறைவு என்பதால் துல்லியம் அதிகம். தோட்டாவை ஏற்றித் தள்ளும் பொறி இல்லாததால் இன்னொரு வசதியும் கிடைக்கிறது. எந்தத் தோட்டாவைச் சுடலாம் என்பதைப் பெரும்பாலும் பேரல்தான் முடிவு செய்கிறது. பேரலைக் கழற்றி வேறொன்றைப் பூட்டினால் துப்பாக்கியின் குணமே மாறிவிடும்.

இந்த வகையில் பெயர்பெற்றது 'தாம்சன் சென்டர் கன்டெண்டர்'. இதை வடிவமைத்தவர் வாரன் சென்டர். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ராசெஸ்டர் ஊரில் இயங்கிய கே.டபிள்யூ. தாம்சன் டூல் நிறுவனத்தில் அவர் 1965இல் சேர்ந்தார். 1967இல் கன்டெண்டர் விற்பனைக்கு வந்தது. 1976இல் தொடங்கிய சர்வதேசக் கைத்துப்பாக்கி சிலவெட் சங்கத்தின் போட்டிகள் அதைப் பரவலாக்கின. அவற்றில் இரும்புத் தகட்டில் வெட்டிய உருவங்களைச் சுட்டுச் சாய்க்க வேண்டும்: 50 மீட்டரில் கோழி, 100இல் பன்றி, 150இல் வான்கோழி, 200இல் செம்மறிக் கிடா. கிடாவின் மீது குண்டு பட்டால் மட்டும் போதாது, அது விழவும் வேண்டும். வழக்கமான பிஸ்டல் தோட்டாக்கள் அந்தத் தூரத்தில் திணறின. ரைபிள் தோட்டாவைத் தாங்கும் 10 அங்குல, 14 அங்குலப் பேரல்களைப் பூட்ட முடிந்த கன்டெண்டர் அங்கே எடுபட்டது.

பேரல் மாற்றுவதற்குச் சில நிமிடங்கள் போதும். முதலில் ட்ரிகர் கார்டைப் பின்னுக்கு இழுத்துத் துப்பாக்கியைத் திறந்து, சேம்பர் காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்ய வேண்டும். பேரலின் அடியிலுள்ள முன்கட்டையின் திருகுகளைக் கழற்றினால் கட்டை கையோடு வந்துவிடும். உள்ளே தெரியும் தடித்த கீல் ஆணியைப் பக்கவாட்டில் தள்ளி எடுத்ததும் பேரல் விடுபடும். புதிய பேரலை அதே இடத்தில் உட்காரவைத்து, ஆணியைச் செருகி, கட்டையைத் திருகினால் வேலை முடிந்தது. குறிபார்க்கும் சைட்டோ தொலைநோக்கியோ பேரலின் மீதே இருப்பதால், ஒருமுறை சரிசெய்த குறி அந்தப் பேரலோடு போய் அதனோடே திரும்பி வருகிறது. நிறுவனம் பின்னர் 'என்கோர்' என்ற, பிடியும் ட்ரிகரும் அடங்கிய வலுவான சட்டகத்தைக் கொண்டுவந்தது. அதன் பேரல்கள் கன்டெண்டரில் பொருந்தாது.

தொடங்குபவர் பேரலுக்கு முன் தோட்டாவைப் புரிந்துகொள்ள வேண்டும். கூடு, வெடிமருந்து, குண்டு, தீப்பொறி தரும் பிரைமர் ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. பிரைமர் மருந்து கூட்டின் விளிம்புக்குள் இருந்தால் ரிம்ஃபயர், அடிப்பகுதியின் நடுவில் தனிக் கிண்ணமாக இருந்தால் சென்டர்ஃபயர். கன்டெண்டர் சட்டகத்தில் இரண்டுக்கும் தனித்தனி ஃபயரிங் பின்கள் உண்டு. எது அடிக்க வேண்டும் என்பதை ஹேமரில் உள்ள மாற்றியைக் கொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும். பேரலை மாற்றிவிட்டு இதை மறந்தால் தோட்டா வெடிக்காது.

உலகெங்கும் தொடக்கப் பயிற்சிக்கு உகந்தது, 1887இல் அறிமுகமான பாயிண்ட் 22 லாங் ரைபிள் என்ற ரிம்ஃபயர் தோட்டா. விட்டம் 5.6 மி.மீ.; வழக்கமான குண்டின் எடை 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம். விலையும் உதைப்பும் சத்தமும் குறைவு. மாறாக, ரைபிள் தோட்டாவை பிஸ்டலில் சுடும்போது நெருப்பும் சத்தமும் உதைப்பும் சேர்ந்து புதியவரை மிரளவைக்கும். அடுத்த முறை ட்ரிகரை அழுத்துமுன்பே கை பதறத் தொடங்கினால், அந்தப் பழக்கம் லேசில் போகாது.

பெயர் ஒத்திருக்கிறது என்பதற்காகத் தோட்டாக்கள் ஒன்றுக்கொன்று பொருந்திவிடாது. பாயிண்ட் 22 லாங் ரைபிளும் பாயிண்ட் 22 மேக்னமும் வெவ்வேறு அளவுகள். 1935இல் வந்த பாயிண்ட் 357 மேக்னத்தின் கூட்டை, பழைய பாயிண்ட் 38 ஸ்பெஷல் துப்பாக்கிகளில் நுழையக் கூடாது என்றே நீளமாக்கினார்கள். இந்தியாவில் அடிக்கடி குழப்புவது 'பாயிண்ட் 32'. அரசுத் தொழிற்சாலையின் ரிவால்வருக்கு 23 மி.மீ. கூடுள்ள ஸ்மித் அண்ட் வெசன் லாங் தோட்டா; அதே அரசுத் தயாரிப்பான பிஸ்டலுக்கு 17 மி.மீ. கூடுள்ள ஏ.சி.பி. தோட்டா. பேரலின் மீது பொறித்திருக்கும் முழுப் பெயரும் தோட்டாப் பெட்டியில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால் மட்டுமே சுடலாம்.

பேரல் விஷயத்தில் அமெரிக்கச் சட்டமும் இந்தியச் சட்டமும் வெவ்வேறு வழியில் போகின்றன. அங்கே சட்டப்படி துப்பாக்கி என்பது சட்டகம்தான். கூடுதல் பேரல் ஓர் உதிரிப்பாகம். கன்டெண்டர் பிஸ்டலோடு ரைபிளாக மாற்றும் உபகரணத்தையும் சேர்த்து விற்றதால் எழுந்த வரி வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை போய், 1992இல் நிறுவனத்துக்குச் சாதகமாக முடிந்தது. இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமோ ஆயுதங்களின் பாகங்களையும் ஆயுதமாகவே கொள்கிறது. லைசென்ஸ் பெறக் குறைந்தபட்ச வயது 21. பயிற்சிக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. 2019 திருத்தத்தின்படி சாதாரண லைசென்ஸ்தாரர் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது; லைசென்ஸின் காலம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாகக் கூடியது. உதாரணமாக, பெங்களூரு நகரில் லைசென்ஸ் வழங்கும் அதிகாரம் போலீஸ் கமிஷனரிடம் இருக்கிறது. வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனிநபர் இறக்குமதி செய்ய வழி மிகக் குறுகல். தகுதி பெற்ற போட்டியாளர்களுக்குத்தான் விலக்கு. ஆகவே ஒரு சட்டகமும் அரை டஜன் பேரலுமாகத் தொடங்குவது பெங்களூருவாசிக்கு நடைமுறையில் கைகூடாது.

கைகூடுவது ஏர் பிஸ்டல். போட்டிக்குரிய 10 மீட்டர் ஏர் பிஸ்டலும் ஒற்றைக் குண்டுக் கருவிதான். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. அரை கிராம் பெல்லட்டை நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் அனுப்பும் போட்டி பிஸ்டலின் ஆற்றல் ஆறு ஜூலைத் தொடாது. லிவரைத் திறந்து, பெல்லட்டின் தட்டையான தலை முன்பக்கம் இருக்கும்படி பேரலின் பின்முனையில் வைத்து, பாவாடை போல விரிந்த பின்பகுதி மடங்காமல் மூட வேண்டும். தட்டைத் தலை காகித இலக்கில் வட்டமான, சுத்தமான துளையிடும் என்பதால் மதிப்பெண் எண்ணுவதில் தகராறு வராது. பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ.; 60 குண்டுகளுக்கு 75 நிமிடம். ட்ரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும், துப்பாக்கி ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது.

இதில் கை தேறியவர்கள் பாயிண்ட் 22 தோட்டாவைச் சுடும் 50 மீட்டர் ஃப்ரீ பிஸ்டலுக்குப் போவது வழக்கம். அதன் கைப்பிடி உள்ளங்கையைக் கவ்விக்கொள்ளும்படி செதுக்கப்பட்டிருக்கும். ட்ரிகருக்கு எடை வரம்பு கிடையாது. பெங்களூருவின் பிரகாஷ் நஞ்சப்பா இரண்டிலும் ஆடியவர். 2013 சாங்வொன் உலகக் கோப்பையில் ஏர் பிஸ்டல் வெண்கலம், அதே ஆண்டு முகவாதத்தின் தாக்குதல், 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் வெள்ளி, 2016 ரியோ ஒலிம்பிக்கில் 50 மீட்டர் பிஸ்டல். ரியோவுக்குப் பின் அந்தப் பிரிவு ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. அதே நகரின் திவ்யா டி.எஸ்., 2023இல் பாகு உலகக் கோப்பையில் சரப்ஜோத் சிங்குடன் கலப்பு ஏர் பிஸ்டல் தங்கம் வென்றார்.

பயிற்சியின் தொடக்க வாரங்களில் பெல்லட்டை விட வெறும் ட்ரிகருக்கே வேலை அதிகம். ஏர் பிஸ்டல்களில் இதற்கெனவே 'டிரை ஃபயர்' அமைப்பு உண்டு. ஒரு கையை நீட்டி, முன் சைட்டைக் கூர்மையாகவும் இலக்கை மங்கலாகவும் பார்த்தபடி, சைட் அசையாமல் ட்ரிகரை அழுத்தப் பழக வேண்டும். பாயிண்ட் 22 ரிம்ஃபயரில் இதை வெறும் சேம்பரோடு செய்தால் ஃபயரிங் பின் சேம்பர் விளிம்பில் அடித்துச் சேதமாகலாம். அதற்குரிய பயிற்சி அமைப்போ போலித் தோட்டாவோ வேண்டும். ரேஞ்சில் துப்பாக்கியைக் கீழே வைக்கும்போதெல்லாம் பேரல் வாய் இலக்கின் பக்கம் இருக்க வேண்டும். சேம்பரைத் திறந்து, உள்ளே கண்ணைப் பறிக்கும் நிறத்தில் பாதுகாப்பு இழை செருகியிருக்க வேண்டும். சுடும் கட்டளை வரும்வரை விரல் ட்ரிகர் கார்டுக்குள் போகக் கூடாது. வீட்டில் பிஸ்டல் ஒரு பூட்டிலும் தோட்டாக்கள் வேறொரு பூட்டிலும் இருக்க வேண்டும்.