கவனிப்பு யாருக்கு?

அரசு மருத்துவமனை ஒன்றில் காலை வேளை. ஸ்கேன் அறைக்குச் செல்ல இரண்டு முதியவர்கள் சக்கர நாற்காலிக்காகக் காத்திருக்கிறார்கள். பின்னால் வந்தவரின் மகன், ஊழியரின் கையில் நூறு ரூபாயை மடித்து வைத்து, "கொஞ்சம் கவனிச்சுக்குங்கண்ணே" என்கிறார். நாற்காலி உடனே அவர் பக்கம் வருகிறது. முதலில் வந்த பாட்டி பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார். மகனைக் கேட்டால், "சின்ன டிப்ஸ்தானே! அவரும் பாவம், ஏழை" என்பார்.

இது டிப்ஸ்தானா? சற்றுச் சிந்திப்போம்.

உணவகத்தில் சாப்பிட்டு முடித்தபின், பரிமாறியவருக்கு மனநிறைவோடு பத்து ரூபாய் கொடுக்கிறோம். இது நன்றி. இதனால் பக்கத்து மேசைக்காரர் எதையும் இழப்பதில்லை. ஆனால், பிறரைவிட நம்மை முந்திக் கவனிக்க வேண்டும் என்று முன்கூட்டியே கொடுத்தால், அது நன்றி அல்ல; இன்னொருவரின் இடத்தை விலைக்கு வாங்குவது. தொகை ஒன்றாக இருக்கலாம். கொடுக்கும் நேரமும் நோக்கமும் வேறு.

2025 மே மாதம் இதே கேள்வி வேறு வடிவில் எழுந்தது. வாடகைக் கார் விரைவாக வர, பயணத்துக்கு முன்பே டிப்ஸ் தரும்படி செயலியில் கேட்டதற்காக, ஊபர் நிறுவனத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்றும் இந்த ஆணையம் 2022-இல் கூறியிருந்தது. கொடுப்பதும் கொடுக்காததும் வாடிக்கையாளரின் விருப்பம்.

அரசு அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் நிலைமை இன்னும் கடுமையானது. அங்கே கிடைக்கும் சேவை நமது உரிமை. 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி, வாங்குபவர் மட்டுமல்ல, கொடுப்பவரும் குற்றவாளியே. ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாள்களுக்குள் காவல்துறையிடமோ புலனாய்வு அமைப்பிடமோ தெரிவித்தால் அவருக்குத் தண்டனை இல்லை.

பிரசவ வலியில் மகள் துடிக்கும்போது நீட்டிய கையை மறுப்பது எளிதல்ல என்பது உண்மைதான். அந்தத் தாயைக் குறைசொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் யாரும் கேட்காமலே நாமாக நீட்டும் நூறு ரூபாய்தான், நாளை அந்தத் தாயிடம் கேட்கப்படும் தொகையாக மாறுகிறது. வசதியுள்ளவர் பழக்கிய வழக்கத்திற்கு வசதியில்லாதவர் விலை கொடுக்கிறார்.

"அவர் சம்பளம் குறைவாயிற்றே" என்பதும் நியாயமான கவலையே. அமெரிக்காவில் டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி நேரடியாகத் தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி, மத்திய சட்டப்படி, 1991 முதல் மணிக்கு 2.13 டாலராகவே இருக்கிறது. மீதியை வாடிக்கையாளரின் டிப்ஸ் நிரப்பும் என்பது கணக்கு. அதாவது, டிப்ஸ் பெருகும் இடத்தில் சம்பளம் உயர்ந்துவிடும் என்பதில்லை. உழைப்பவருக்குத் தேவை நியாயமான ஊதியம். அதற்காகக் குரல் கொடுப்பதே உண்மையான உதவி.

எனவே, கொடுக்கலாம் என்ற இடத்தில் வேலை முடிந்தபின் கொடுப்போம். மேசை துடைப்பவரையும் நினைவில் கொள்வோம். உரிமையாகப் பெறவேண்டிய இடத்தில் பணத்தை நீட்டாதிருப்போம். இனிய சொல்லும் நன்றியும் எங்கும் தரலாம். அவற்றால் யாருடைய முறையும் பறிபோவதில்லை.

அடுத்த முறை கை சட்டைப்பைக்குள் போகும்போது, நமக்கு முன்னால் வந்து காத்திருப்பவரை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.