ஏறி நின்றபின் ஒரு நிமிடம்

பிரிஞ்சாங் வட்டாரத்துத் தேயிலைச் சரிவுகள் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளவை. சுமையுடன் அங்கே மேடேறி நிற்பவரின் நெஞ்சு படபடவென்று அடிப்பது இயற்கை. அந்தப் படபடப்பு எத்தனை விரைவில் அடங்குகிறது என்பதே மருத்துவர் கவனிக்கும் செய்தியாகும்.

இதயத்தை முடுக்கும் நரம்புகளும் உண்டு. அடக்கும் நரம்பும் உண்டு. அடக்குவது வேகஸ் எனப்படும் நரம்பு. மூளையின் அடியிலிருந்து புறப்பட்டு, கழுத்து, மார்பு வழியாக வயிறுவரை இது செல்கிறது. வேலை நின்றதும் வேகஸ் மீண்டும் கடிவாளத்தைப் பிடிக்கிறது. முதல் நிமிடத்தில் நாடி இறங்குவது பெரிதும் அதனாலேயே. 1999இல் அமெரிக்காவின் கிளீவ்லண்டு நகர ஆய்வொன்று வெளிவந்தது. நடைப்பொறிச் சோதனைக்கு உட்பட்ட 2,428 பேர் சுமார் ஆறாண்டுகள் கவனிக்கப்பட்டனர். முதல் நிமிடத்தில் நாடி 12 துடிப்போ அதற்குக் குறைவாகவோ இறங்கியவர்களுக்கு, வயது முதலிய பிற காரணங்களைக் கழித்துப் பார்த்தபோதும், இறப்பு அபாயம் ஏறத்தாழ இரு மடங்காயிருந்தது. அவர்கள் உடனே படுத்துவிடாமல், மெல்ல நடந்தே இளைப்பாறினர். இளைப்பாறும் முறை மாறினால் இந்த அளவுகோலும் மாறும்.

இனிக் குருதியைக் காண்போம். உடலில் எங்கேனும் அழற்சி மூண்டால் கல்லீரல் சி.ஆர்.பி. என்னும் புரதத்தை மிகுதியாகச் சுரக்கிறது. 1930இல் டில்லெட், பிரான்சிஸ் என்னும் இருவர் நியூயார்க்கில், நிமோனியா நோயாளரின் குருதியில் இதனைக் கண்டனர். இதய அபாயத்தை மதிப்பிடும்போது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறைந்தால் தாழ்வு என்றும், 3க்கு மேற்பட்டால் உயர்வு என்றும் கொள்வர். குருதிக் குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிவதோடு அழற்சியும் சேர்ந்தே மாரடைப்புக்கு வழிகோலுகிறது.

நாடிக்கும் இப்புரதத்திற்கும் என்ன உறவு? 2000இல் கெவின் டிரேசி குழுவினர், நச்சூட்டிய எலிகளின் வேகஸ் நரம்பைத் தூண்டியபோது அழற்சி தணியக் கண்டனர். இதயத்தை அடக்கும் நரம்பே அழற்சியையும் ஓரளவு அடக்குகிறது என்பது இதனால் புலப்பட்டது. நாடி மெதுவாக இறங்கும் மனிதரிடம் சி.ஆர்.பி. சற்று மிகுந்திருப்பதைப் பின்வந்த ஆய்வுகள் சில காட்டின. ஆயினும் ஒன்று மற்றதற்குக் காரணம் என்று இதைக்கொண்டு துணியலாகாது. வயிற்றுக் கொழுப்பும் உழைப்பின்மையும் இரண்டையும் கெடுக்கக்கூடியவை.

இது தமிழருக்கு அயலான செய்தியன்று. சென்னையில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் நடத்திய நகர்ப்புற-நாட்டுப்புற ஆய்வில், சி.ஆர்.பி. உயர்வு உடற்கொழுப்போடும் நீரிழிவோடும் இதயக் குழாய் நோயோடும் தொடர்புற்றிருந்தது. 2005இல் அது வெளியாயிற்று. உடல் மெலிந்து தோன்றினும் வயிற்றில் கொழுப்புச் சேர்வது நம்மவரிடை மிகுதி.

எனினும் ஓர் எண்ணைக் கண்டு அஞ்சுதல் வேண்டா. சளிக்காய்ச்சலும் பல் சீழும் சி.ஆர்.பி.யை உயர்த்தும், கடும் உழைப்பும் ஓரிரு நாள் உயர்த்தும். ஆகவே நலமாயிருக்கும்போது, இரு வார இடைவெளியில் இருமுறை பார்ப்பதே முறை. இரத்த அழுத்தத்திற்கான சில மருந்துகள் நாடியின் போக்கையே மாற்றிவிடும். நாடோறும் நடப்பவருக்கு, சில மாதங்களில் நாடி விரைந்து இறங்கப் பழகுகிறது. உடற்கொழுப்புக் குறையுமாயின் சி.ஆர்.பி.யும் தாழ்கிறது. மேடேறும்போது மார்பு இறுகினாலோ, தலை சுற்றினாலோ, நாடி எண்ணிக் காலம் போக்காமல் மருத்துவரை நாடுதல் வேண்டும்.