கம்பெனி ஸ்பான்சர் இல்லாமல் கிரீன் கார்டு: வடசென்னை ஆய்வாளர்களுக்கு ஒரு விளக்கம்

திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ வளர்ந்து, பி.எச்டி. முடித்து, அமெரிக்கா போக நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது 'எந்தக் கம்பெனி ஸ்பான்சர் செய்யும்?' என்பதுதான். ஆய்வாளர்களுக்கு அந்தக் கேள்வியே தேவைப்படாத வழி ஒன்று அமெரிக்கச் சட்டத்தில் உண்டு. அதன் பெயர் தேசிய நலன் விலக்கு, சுருக்கமாக என்.ஐ.டபிள்யூ.

வேலைவாய்ப்பு வழி கிரீன் கார்டின் இரண்டாம் பிரிவான இபி-2-இல், தகுதியான உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்று நிறுவனம் விளம்பரம் கொடுத்துத் தேடி, தொழிலாளர் துறையிடம் சான்று வாங்க வேண்டும். விலக்கு கேட்பவருக்கு இது இல்லை. ஐ-140 மனுவைத் தன் பெயரில் தானே போடலாம். சென்னையில் இருந்தபடியே போடலாம்.

மனுவை எப்படி எடைபோடுவது என்பதை வகுத்தது 2016 டிசம்பரில் வந்த 'தனசார்' தீர்ப்பு. செய்யப்போகும் பணிக்கு மதிப்பும் தேசிய முக்கியத்துவமும் உண்டா? அதை முன்னெடுத்துச் செல்லும் நிலையில் இவர் இருக்கிறாரா? ஸ்பான்சர் விதியைத் தளர்த்துவதால் நாட்டுக்கு நன்மையா? மூன்றுக்கும் பதில் வேண்டும். அந்த வழக்கின் மனுதாரர் ஹைப்பர்சானிக் உந்துவிசை ஆய்வாளர். அவருடைய ஆராய்ச்சி தேறியது. அவர் பாடம் நடத்துவது மதிப்புள்ள பணிதான், ஆனால் தேசிய முக்கியத்துவம் நிரூபிக்கப்படவில்லை என்றது தீர்ப்பு. நம் ஊர் மனுக்கள் பல சறுக்கக்கூடிய இடம் இது. பட்டத்தையும் பேப்பர்களையும் அடுக்கிவிட்டு, இனி என்ன செய்யப்போகிறோம் என்பதை இரண்டு வரியில் முடித்துவிடக் கூடாது.

எண்ணூரையே எடுத்துக்கொள்வோம். 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியது. ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கழிமுகத்தில் படர்ந்து, மீனவர்களின் படகையும் வலையையும் கெடுத்தது. அந்த எண்ணெய்ச் சேற்றை நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்தப்படுத்தும் முறையை ஒருவர் ஆராய்ந்திருந்தால், எண்ணூரில் எடுத்த மாதிரிகள் அவருடைய திறமைக்குச் சான்று. மனுவின் மையமோ, டெக்சாஸ், லூசியானா கரையோர எண்ணெய் ஆலைப் பகுதிகளில் அந்த முறையை எப்படிப் பயன்படுத்தப் போகிறார் என்பதாக இருக்க வேண்டும்.

அடுத்தது பரிந்துரைக் கடிதம். கைடு எழுதுவதைவிட, கூட வேலை பார்த்திராத வெளியாள் எழுதுவதற்கு எடை அதிகம். ராயபுரத்தை ஒட்டிய துறைமுகத்திலேயே இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 1912-இல் மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்த கணித மேதை ராமானுஜனுக்குப் பட்டம் கிடையாது. மேலதிகாரிகள் நாராயண ஐயரும் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் துணை நின்றார்கள். ஆனால் சென்னைப் பல்கலைக்கழகத்தை அசைத்ததில் பெரும்பங்கு வெளியாட்களுடையது: அவரை நேரில் பார்த்தே இராத கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டி, 1913-இல் சென்னை வந்தபோது அவருடைய கணக்குகளைப் பார்த்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. 1914 மார்ச்சில் இங்கிருந்தே கப்பலேறினார்.

ராமானுஜனுக்கு இல்லாத தடை ஒன்று இன்றைய ஆய்வாளருக்கு உண்டு. வேலைவாய்ப்பு கிரீன் கார்டு ஆண்டுக்குச் சுமார் 1,40,000. பொது விதிப்படி ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. இபி-2-இல் இந்தியர்களின் காத்திருப்பு பத்தாண்டைத் தாண்டிவிட்டது. மனு ஏற்கப்பட்டால் கிடைப்பது வரிசையில் ஓர் இடம்தான். அமெரிக்காவில் தங்கவோ வேலை செய்யவோ அதுவே அனுமதி ஆகாது. ஏஜென்டுகள் இதைச் சொல்லாமல் பணம் வாங்குவது அநியாயம். கணவனோ மனைவியோ யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்றால், குடும்பமே இலங்கைக் கணக்கில் சேர்ந்து இந்திய வரிசையைத் தாண்டலாம்.

காத்திருக்க முடியாதவர்கள் பிரிட்டனைப் பார்க்கலாம். 2020 பிப்ரவரியில் தொடங்கிய குளோபல் டேலண்ட் விசாவுக்கு நாட்டு ஒதுக்கீடு கிடையாது. பொதுவாக ராயல் சொசைட்டி, ராயல் பொறியியல் அகாடமி போன்ற அமைப்பின் ஒப்புதல் வேண்டும்.

அமெரிக்காதான் என்று முடிவெடுத்தவர் மனுவைத் தள்ளிப்போடக் கூடாது. இபி-1ஏ என்ற 'அசாதாரணத் திறமை' பிரிவிலும் தானே மனு போடலாம். விதி கடுமை: பொதுவாகப் பத்து அளவுகோல்களில் மூன்றையாவது காட்டிய பிறகே மொத்தத் தகுதியைப் பார்ப்பார்கள். ஆனால் இந்தியர் வரிசை அங்கே குறைவு. என்.ஐ.டபிள்யூ. மனு ஏற்கப்பட்டிருந்தால், அதைப் போட்ட நாளான முன்னுரிமைத் தேதியையே பின்னாளில் போடும் இபி-1ஏ மனுவுக்கும் கேட்டு வாங்கலாம்.