குளிர்காலத்தில் படகு இயந்திரப் பாதுகாப்பு

காஷ்மீரத்தில் டிசம்பர் 21-ஆம் நாள் தொடங்கும் 40 நாள் கடுங்குளிர்க் காலத்தைச் 'சில்லாய் கலான்' என வழங்குவர். 2021 ஜனவரியில் ஸ்ரீநகரின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 8 பாகை செல்சியஸுக்கும் தாழ்ந்தது. தால் ஏரியின் பல பகுதிகள் உறைந்தன. இத்தகைய நாட்களில், இயந்திரத்துள் தங்கிய சிறிதளவு நீரும் அதனைப் பிளந்துவிடக் கூடும்.

இதன் காரணம் யாது? நீர் பனிக்கட்டியாகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகுகின்றது. விரிய இடமின்றி அடைபட்டால், அது உண்டாக்கும் அழுத்தத்தை வார்ப்பிரும்பும் தாங்குவதில்லை. வெடிப்பு, பனி உருகி நீர் கசியும்போதே பெரும்பாலும் புலனாகும்.

கரையேற்றிய படகுக்கு ஆபத்து இல்லை எனக் கருதுதல் தவறு. பனிப்படலத்தின் கீழுள்ள ஏரிநீர் 0 பாகைக்குக் கீழே செல்வதில்லை. ஆகவே மிதக்கும் படகின் அடிப்பகுதி ஓரளவு காக்கப்படுகின்றது. கரையிலுள்ள படகையோ குளிர்காற்று எல்லாப் புறமும் சூழ்கின்றது.

ஏரிநீரால் குளிர்விக்கப்படும் உள்ளமை இயந்திரமாயின், முதலில் நீர் உட்புகும் குழாயின் அடைப்பானை மூடுதல் வேண்டும். இன்றேல் மிதக்கும் படகினுள் நீர் புகும். பின்னர் வடிகால் திருகாணிகள் அனைத்தையும் கழற்றி நீரை வடித்திடுக. துரு அல்லது வண்டல் துளையை அடைத்திருக்கலாம். கம்பியால் குத்தி நீக்குக. நீர்ப் பம்பையும் குழல்களையும் மறத்தலாகாது.

மூடிய சுற்றில் குளிர்நீர் ஓடும் இயந்திரத்தில் எத்திலீன் கிளைக்காலைச் சம அளவு நீருடன் கலந்து ஊற்றுவர். இக்கலவை சுமார் −37 பாகை வரை உறையாது. தனிக் கிளைக்காலோ −13 பாகையிலேயே உறையும். எனவே கலவையே சிறந்தது. இது இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாது வைத்தலும், ஏரியில் கொட்டாதிருத்தலும் கடமை.

வெளிப்பொருத்து இயந்திரத்தை நிமிர்த்தி வைத்தால் நீர் தானே வடியும். அதன் பல்சக்கரப் பெட்டியின் எண்ணெய் பால்நிறமாயிருப்பின், நீர் கலந்துள்ளது என்பது பொருள். எண்ணெயை மாற்றி, கசிவையும் அடைத்திடுக. பாட்டரியை முழு மின்னேற்றத்துடன் வைத்திடுக. மின்னிறங்கிய பாட்டரியின் அமிலக் கரைசல் −10 பாகையளவிலேயே உறையக் கூடும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் விளக்கலாம். சிறு கண்ணாடிக் குப்பியில் நீரை நிரப்பி இறுக மூடி, தடித்த துணியில் சுற்றி, மூன்று பங்கு பனிக்கட்டித் தூளும் ஒரு பங்கு உப்பும் கலந்த கலவையில் புதைத்திடுக. நீர் உறைந்ததும் குப்பி உடையும். பனியையே காணாத ஊர் மாணவரும், திருகாணி ஒன்றைக் கழற்ற மறந்ததால் ஓர் இயந்திரம் எங்ஙனம் அழியும் என்பதை இதனால் நன்குணர்வர்.