முதுமையிற் கண்பார்வையும் கீரைப் பாத்தியும்

தம்பலகாமம், கந்தளாய், மூதூர்ப் பகுதிக் கமக்காரர்களே! ஐம்பது வயதைக் கடந்தோர் சிலருக்கு விழித்திரையின் நடுவிலுள்ள மஞ்சட்புள்ளி சிதைவுறுதல் உண்டு. ஓரப்பார்வை நிலைத்திருப்பினும், நேரே நோக்கும் பொருள் மங்கும்.

இதனை அறிதல் எளிது. ஒரு கண்ணை மூடி, மறு கண்ணாற் கதவுநிலையை நோக்குக. நேர்கோடு வளைந்து தோன்றின், தாமதியாது கண் வைத்தியரை நாடுதல் வேண்டும்.

உயிர்ச்சத்து சீ, ஈ, பீட்டா கரோட்டின், நாகம், செம்பு ஆகியன சேர்ந்த மாத்திரைகள், நடுநிலையை எய்திய நோய் ஐந்தாண்டுகளில் முற்றும் வாய்ப்பை ஏறக்குறைய 25 வீதம் குறைத்தன என, 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டிற்று. புகைத்தோர்க்குப் பீட்டா கரோட்டின் நுரையீரற் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுவதால், அதற்குப் பதிலாக லூட்டீனும் சியாசாந்தினும் சேர்த்தலே தக்கதென 2013ஆம் ஆண்டின் ஆய்வு உணர்த்திற்று. எனினும் இம்மாத்திரைகள் நோய் தோன்றுவதைத் தடுப்பனவல்ல. இழந்த பார்வையை மீட்பனவுமல்ல. வைத்தியரைக் கேளாது வாங்கிப் பணத்தை விரயஞ் செய்யற்க.

லூட்டீன் கீரைகளில் மிகுதியாக உண்டு. கொழுப்புடன் உண்ணும்போதே உடலிற் நன்கு சேரும். ஆதலின் கிணற்றடியில் முருங்கை, பொன்னாங்காணி, வல்லாரை என்பவற்றை நட்டு, தேங்காய்ப்பூவிட்டு வறை செய்து உண்க. சுருட்டையும் பீடியையும் அறவே விடுக.