எலி மருந்து வைத்தும் எலி குறையாதது ஏன்?

எலி மருந்து வாங்கியே இராத வீடு ஜொகூரில் குறைவு. ஸ்கூடாய், மாசாய், கூலாய், குளுவாங் என்று எந்தத் தாமானில் விசாரித்தாலும் கதை ஒன்றுதான். மருந்து வைத்த வாரம் இரண்டு மூன்று எலிகள் செத்துக் கிடக்கும், வீடு அடங்கும். சில மாதம் போனதும் சீலிங்கின் மேல் மறுபடி ஓட்டம் தொடங்கிவிடும். “இப்போதெல்லாம் இந்த மருந்தில் வீரியமே இல்லை” என்று கடைக்காரரிடம் குறைப்பட்டுக்கொண்டு வேறு டப்பா வாங்கி வருகிறோம்.

மருந்து வேலை செய்யத்தான் செய்கிறது. நாம் போடும் கணக்குதான் பிசகுகிறது. பத்து எலியில் எட்டைக் கொன்றுவிட்டால் மிச்சம் இரண்டு என்பது நம் கணக்கு. எலிகளின் கணக்கு வேறு. அந்தக் கணக்கைத் தெளிவாகப் போட்டுக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று நம் ஜொகூர் மண்ணிலேயே நடந்திருக்கிறது.

செம்பனைக்குள் ஒரு கணக்கெடுப்பு

பி. ஜே. உட், எஸ். எஸ். லியாவ் என்ற இரு ஆய்வாளர்கள் ஜொகூர் செம்பனைத் தோட்டம் ஒன்றில் காட்டெலிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களுடைய முடிவுகள் 1984-ல் பிரிட்டனின் சூழலியல் ஆய்விதழ் ஒன்றில் மூன்று பகுதிகளாக வெளிவந்தன.

கண்ணில் படாமல் இரவில் திரியும் எலியை எப்படி எண்ணுவது? பிடித்து, அடையாளமிட்டு, விட்டுவிட்டு, மறுபடி பிடிப்பதுதான் வழி. நூறு எலியைக் கூண்டில் பிடித்து அடையாளமிட்டு விடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த முறை சிக்கும் நூறில் இருபதுக்கு அடையாளம் இருந்தால், அந்த இடத்தில் ஏறக்குறைய ஐந்நூறு எலி இருப்பதாகக் கொள்ளலாம்.

இப்படி எண்ணியபோது தெரிந்தவை இரண்டு. ஒன்று, யாரும் தொந்தரவு செய்யாத செம்பனையில் ஹெக்டேருக்குப் பல நூறு எலிகள் வாழ்ந்தன. அந்த எண்ணிக்கை ஏறியும் இறங்கியும் இருந்தாலும் வரம்பில்லாமல் பெருகவில்லை. கிடைக்கும் உணவும் ஒதுங்க இடமும் எத்தனை எலியைத் தாங்குமோ அதையொட்டியே நின்றது. இரண்டாவது, மருந்து வைத்து எண்ணிக்கையைச் சரித்த பிறகு, மருந்தை நிறுத்தியதும் அது மீண்டும் பழைய நிலையை நோக்கி ஏறியது.

காரணம் எளிது. எலிகள் குறைந்தால் மிஞ்சியவற்றுக்கு ஆளுக்கு அதிகமாகச் சாப்பாடு கிடைக்கிறது. குட்டிகள் அதிகம் பிழைக்கின்றன. காலியான வளைகளுக்குப் பக்கத்து நிலத்து எலிகள் குடிவருகின்றன. எலி செத்தாலும் அதன் இடமும் அதன் சாப்பாடும் சாகவில்லையே!

சாப்பாடு கூடினால் என்ன ஆகும் என்பதற்கும் ஜொகூரிலேயே சான்று உண்டு. செம்பனைப் பூக்களில் மகரந்தச் சேர்க்கை சரியாக நடக்க வேண்டும் என்பதற்காக ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டு கொண்டுவரப்பட்டு, 1981-ல் குளுவாங் வட்டாரத் தோட்டத்தில் விடப்பட்டது. காய்ப்பு கூடியது. கையால் பூவுக்கு மகரந்தம் தூவும் வேலையும் தேவையற்றுப் போனது. ஆனால் அந்த வண்டின் புழுக்கள் ஆண் பூவின் தண்டுகளுக்குள் வளர்கின்றன. எலிகள் அதைக் கண்டுகொண்டன. ஆண் பூக்களைக் கிழித்துப் புழுக்களைப் பொறுக்கித் தின்னத் தொடங்கின. பழத்தில் கொழுப்பு, புழுவில் புரதம் என்று எலிக்குச் சாப்பாடு முழுமையாகிவிட்டது.

மருந்தை மிஞ்சிய எலி

எலிக்கு வாந்தி எடுக்கத் தெரியாது. தின்றது நஞ்சானால் வெளியேற்ற வழியில்லை. அதனால் புதுத் தீனியைக் கண்டால் முதலில் கொஞ்சம் கொறித்துவிட்டு ஒதுங்கும். உடம்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்தச் சுவையைப் பிறகு தொடாது. பழைய காலத்துக் கடும் நஞ்சுகள் தோற்றது இந்தக் குணத்தால்தான்.

1940களின் இறுதியில் அமெரிக்காவில் வந்த வார்ஃபரின் இதைச் சமாளித்தது. ரத்தம் உறைய வைட்டமின் கே வேண்டும். உடல் அதை மீண்டும் மீண்டும் புதுப்பித்துப் பயன்படுத்துகிறது. அந்தப் புதுப்பிப்பை வார்ஃபரின் தடுக்கிறது. தின்ற அன்று எலிக்கு ஒன்றும் ஆவதில்லை. சில நாள் கழித்து உள்ளுக்குள் ரத்தம் கசிந்து சாகிறது. தின்றதற்கும் நோவுக்கும் இடையில் நாட்கள் ஓடிவிடுவதால், எந்தத் தீனி கெடுத்தது என்று எலியால் பிடிக்க முடிவதில்லை.

ஆனால் 1958-ல் ஸ்காட்லாந்திலும், 1980களில் மலேசியாவிலும் வார்ஃபரினுக்குச் சாகாத எலிகள் அறியப்பட்டன. அடுத்து வந்தவை புரோமாடியோலோன், புரோடிஃபக்கூம் போன்ற இரண்டாம் தலைமுறை நஞ்சுகள். இன்று கடையில் விற்கும் கட்டிகள் பலவற்றில் இருப்பவை இவையே. வார்ஃபரினைவிடப் பன்மடங்கு வீரியம் கொண்டவை. எலியின் ஈரலில் நெடுநாள் தங்குபவை. ஆபத்தும் அங்கேதான். நஞ்சு தின்ற எலி சாகும்வரை தள்ளாடித் திரிகிறது. அதைப் பிடித்துத் தின்னும் பூனைக்கும் நாய்க்கும் பறவைக்கும் நஞ்சு கைமாறுகிறது.

கூகை வந்த கதை

தீபகற்ப மலேசியாவில் கூகை என்னும் ஆந்தை முன்பு அரிதான பறவை. 1960களின் இறுதியில்தான் அது இங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது பதிவானது. அந்த இடமும் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டம்தான். எலி கொழித்துக் கிடந்த செம்பனையில் அதற்குச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் செம்பனை மரத்தில் கூடு வைக்கப் பொந்து கிடையாது. கம்பம் நட்டு அதன்மேல் மரப்பெட்டி வைத்துக் கொடுத்ததும் கூகைகள் பரவின. 1970களின் இறுதியில் கிரஹாம் லென்டன் என்ற ஆய்வாளர் அவை கக்கிய உருண்டைகளைப் பிரித்துப் பார்த்தார். கூகை எலியை முழுதாக விழுங்கும். செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். கூட்டுக்கடியில் கிடக்கும் அந்தச் சாம்பல்நிற உருண்டையை நீரில் ஊறவைத்துப் பிரித்தால் மண்டையோடு, தாடை, பல் எல்லாம் தனித்தனியாக வரும். எந்த எலி, எத்தனை எலி என்று சொல்லிவிடலாம். செம்பனைக் கூகையின் உணவில் ஏறக்குறைய முழுவதும் எலியாகவே இருந்தது. குஞ்சு வளர்க்கும் ஒரு ஜோடி ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்னும் என்பது தோட்டத்துறையில் வழங்கும் மதிப்பீடு.

கூகைக்கு இருட்டு தடையே இல்லை. அதன் ஒரு காது மற்றதைவிடச் சற்று மேலே அமைந்திருக்கிறது. சத்தம் இரண்டு காதையும் எட்டுவதில் உள்ள நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டே இரை எங்கே, எவ்வளவு தாழ்வில் என்று கணித்துவிடும். கும்மிருட்டில் ஓசையை மட்டும் வைத்து எலியைப் பிடிக்கும் என்பதைச் சோதனைக்கூடத்திலேயே மெய்ப்பித்திருக்கிறார்கள்.

கூகை மட்டும் போதும் என்று எல்லா ஆய்வாளர்களும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் ஒன்று உறுதி. வீரியமான புது நஞ்சுகள் தோட்டங்களுக்குள் வந்தபோது கூகைகளும் பாதிக்கப்பட்டதை டக்கெட் என்பவர் 1984-லேயே எழுதி எச்சரித்தார். எலியைக் கொல்ல வைத்த நஞ்சு, எலியைத் தின்னும் பறவையையும் கொன்றது. கூகை கூரையில் அமர்ந்தால் கெட்ட சகுனம் என்று நம்மவரில் சிலர் இன்றும் கல்லெறிகிறார்கள். அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். கூகை வந்தால் நம் வட்டாரத்தில் எலி நிறைய இருக்கிறது என்றுதான் பொருள்.

வீட்டில் என்ன செய்வது?

தோட்டத்துக் கணக்கு வீட்டுக்கும் பொருந்தும். எத்தனை எலி செத்தது என்று பார்ப்பதைவிட, எத்தனை எலிக்கு நம் வீடு சோறு போடுகிறது என்று பார்ப்பதே முக்கியம்.

முதலில் வந்திருப்பது எது என்று பாருங்கள். புழுக்கை அரிசி அளவில் இருந்தால் சுண்டெலி. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளமானால் பெரிய எலி. சீலிங்கில் ஓடுவது பெரும்பாலும் ஏறுவதில் கெட்டியான வீட்டெலி. சாக்கடையிலிருந்து வருவது பருத்த உடலும் குட்டை வாலும் உள்ள பெருச்சாளி. கூர்மூக்கோடு கீச்சிட்டுச் சுவரோரம் ஓடும் மூஞ்சூறு எலி இனமே அல்ல. அது கரப்பான் பூச்சி தின்னும். அதைக் கொல்லத் தேவையில்லை.

அடுத்தது வழி. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடுக்கு, அதாவது பென்சில் நுழையும் இடம் போதும். பெரிய எலிக்கு 20 சென் நாணய அளவு ஓட்டை போதும். ஏர்கான் குழாய் நுழையும் துளை, சமையலறைச் சிங்கின் அடிக்குழாய், கதவின் கீழ் இடுக்கு, ஓட்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்து ஆகியவற்றை ஒரு பகலில் டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம். சுவரோரம் கறுத்த எண்ணெய்க் கறை படிந்திருந்தால் எலி தினமும் உரசிப்போகும் பாதை அது. துணியோ பிளாஸ்டிக்கோ வைத்து அடைப்பதில் பயனில்லை. எலியின் முன்பற்கள் ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் வளர்பவை. கொறித்துக்கொண்டே இருப்பது அதன் இயல்பு. இரும்புக் கம்பிச் சுருளைத் திணித்து மேலே சிமெண்டு பூசுங்கள். பெரிய திறப்புகளுக்கு நெருக்கமான கம்பிவலை அடியுங்கள். கூரையைத் தொடும் மரக்கிளையை ஒரு மீட்டருக்கு மேல் விலகும்படி வெட்டிவிடுங்கள்.

மூன்றாவது சாப்பாடு. ஒரு வீட்டெலிக்கு நாளுக்கு 15 முதல் 25 கிராம் போதும். பூனைக்கென்று இரவெல்லாம் வாசலில் வைக்கும் ஒரு கிண்ணத் தீனி மூன்று நான்கு எலியை வளர்க்கும். அரிசி, பருப்பு, நெத்திலி எல்லாம் மூடியிறுக்கிய டின்னிலோ கண்ணாடி ஜாடியிலோ போகட்டும். சாமி மேடையில் தேங்காய் மூடி, படையல், எண்ணெய் ஊறிய திரி எதையும் இரவில் விடாதீர்கள். திரியை இழுத்துப்போய்த் தின்னும் எலிகள் உண்டு. குப்பைப் பையைக் கட்டித் தொட்டிக்குள் போட்டு மூடுங்கள்.

இவை முடிந்த பிறகே பொறி. சுவரை ஒட்டி, தீனிப்பக்கம் சுவரைப் பார்க்கும்படி வையுங்கள். சுண்டெலிக்குப் புதுப்பொருள்மேல் ஆர்வம். முதல் இரவே சிக்கும். பெரிய எலிக்குப் புதுப்பொருள் என்றால் அச்சம். ஆகவே சில நாள் வில்லை ஏற்றாமல் தீனி மட்டும் வைத்துப் பழக்குங்கள். நெத்திலிக் கருவாடோ சுட்ட தேங்காய்த் துண்டோ போதும். பசை அட்டையில் ஒட்டிய எலி மணிக்கணக்கில் துடிக்கும், தவிர்த்துவிடுங்கள். மீயொலிக் கருவிகளுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். எலி அந்தச் சத்தத்துக்குச் சீக்கிரம் பழகிவிடும். பூனை மட்டும் காப்பாற்றிவிடும் என்றும் நம்ப வேண்டாம். நியூயார்க்கில் எலிகள் நிறைந்த ஓரிடத்தில் 79 நாள் கேமரா வைத்துப் பார்த்தார்கள். அங்கு வந்துபோன பூனைகள் கொன்றது இரண்டே எலிகளை.

எலிக் காய்ச்சலை மறவாதீர்கள்

லெப்டோஸ்பைரா என்ற சுருள்வடிவக் கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கிறது. எலிக்கு நோவில்லை. அதன் சிறுநீர் கலந்த நீரும் சேறும் நம் கால் வெடிப்பிலோ கண்ணிலோ பட்டால் நமக்குக் காய்ச்சல் வரும். முற்றினால் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிரையே பறிக்கும். மலேசியாவில் 2010 டிசம்பர் முதல் இது கட்டாயம் அறிவிக்கப்பட வேண்டிய நோய். 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் ஜொகூரை மூழ்கடித்த பெருவெள்ளத்தையொட்டியும் எலிக் காய்ச்சல் நோயாளிகள் கண்டறியப்பட்டார்கள். புழுக்கையை உலர்ந்தபடி பெருக்காதீர்கள். கையுறை போட்டு, குளோரின் கலந்த நீர் தெளித்து, சற்று நேரம் ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள். வெள்ளம் வடிந்த வீட்டைக் கழுவும்போது பூட்ஸ் அணியுங்கள். அதன்பின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் உடனே கிளினிக்குக்குப் போய், வெள்ள நீரில் நின்றதை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே தெரிந்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக் மருந்திலேயே குணமாகும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் ஒருவர் மட்டும் வீட்டை அடைத்தால் எலி அடுத்த வீட்டுக்குப் போகும். அங்கே பெருகித் திரும்பி வரும். காலியான இடத்தைப் பக்கத்து எலி நிரப்பும் என்பதுதானே செம்பனை சொன்ன பாடம்! உங்கள் தாமானில் அடுத்த கூட்டுப்பணி நடக்கும்போது கோயில் வளாகத்தோடும் விளையாட்டுத் திடலோடும் நிறுத்திவிடாதீர்கள். பின்சந்தின் சாக்கடையையும், மூடியில்லாத குப்பைத்தொட்டியையும், யாரும் குடியிராத வீட்டையும் பட்டியலில் சேருங்கள். தெரு முழுவதும் ஒரே வாரத்தில் வழியையும் சாப்பாட்டையும் அடைத்தால், அதற்குப் பிறகு எலி மருந்து வாங்க வேண்டிய தேவை பெருமளவு குறைந்துவிடும்.