வெயில் செய்வதும் செய்யாததும்

சிறுசேரிக்குக் கிழக்கே கோவளம் கரையில் உப்பிட்ட மீனும், ஊர் மாடிகளில் மோர்மிளகாயும் காய்வதைக் காண்போர், சூரிய வெப்பமே பூஞ்சணத்தைக் கொல்கிறதென எண்ணுவது இயல்பே. ஆனால் அதன் சூட்சும வித்துகளில் பல அவ்வெப்பத்தைத் தாங்கிப் பிழைத்திருக்க, அவை முளைப்பதற்கு இன்றியமையாத ஈரத்தையே வெயில் அபகரிக்கிறது. ஆகையால்தான் ஐப்பசி மழைக்காற்றில் நமுத்த வற்றலில் பூஞ்சணம் மீண்டும் தலைகாட்டுகிறது. அரைகுறையாக உலர்ந்த நிலக்கடலையிலோ, 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகளை மாய்த்த அஃப்ளடாக்ஸின் என்னும் கொடிய விஷமே தோன்றக்கூடும். பின்னர் எத்தனை நாள் காயவைத்தாலும் அது முற்றிலும் நீங்காதாதலின், அக்கடலையை எறிவதே விவேகம்.

உலர்த்தும் உணவின் ஜீவசத்துக்களிலோ, காற்றும் வெப்பமும் ‘சி’யைப் பெரிதும் நாசமாக்க, ஒளி கீரையின் கரோட்டினைச் சிதைப்பதால், முருங்கைக்கீரையை நிழலில் உலர்த்துவதே உத்தமம்; காளானிலோ அதே சூரியனின் புற ஊதாக் கதிர் ‘டி’ ஜீவசத்தை உண்டாக்குகிறது.